குதிரைக் கதைக்கு இஸ்னாத் எங்கே?

கொடிமரம் | வெள்ளி, இரவு 9.12

அஸ்ஸலாமு அலைக்கும். இன்று ஜும்ஆ பயானில் (வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவில்) ஹஜ்ரத் ஒரு சம்பவம் சொன்னார். சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். ஹதீஸ் தொகுப்பாளர் இமாம் புகாரி (ரஹ்) ஒரு ஹதீஸை, அதாவது நபிமொழியை, கேட்டு வாங்க பல நாள் பயணம் செய்து ஒருவரைத் தேடிப் போகிறார். அந்த ஆள் ஓடிப்போன குதிரையைப் பிடிக்க, வெறும் பையைத் தீனி இருப்பதுபோல் காட்டிக் கூப்பிடுகிறார். 'மிருகத்தையே ஏமாற்றுகிறவரிடம் ஹதீஸ் வாங்க மாட்டேன்' என்று இமாம் திரும்பி விடுகிறார்.

பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது என் மகன் (பிளஸ் டூ படிக்கிறான்) கேட்டான்: "வாப்பா, குதிரையை ஏமாத்தினதுக்கே தள்ளிடுவாங்கன்னா யாரோட ஹதீஸ்தான் மிஞ்சும்? சரி, குதிரையை ஏமாத்தாத நல்ல மனுஷர், ஆனா ஞாபகமறதிக்காரர்னா என்ன செய்வாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. இங்கே ஓதியவர்கள் இருக்கிறீர்கள். பயான் பாணியில் வேண்டாம், அந்த ஆட்கள் உட்கார்ந்து என்ன வேலைதான் செய்தார்கள் என்று சொல்லுங்கள்.

காயல்காற்று | வெள்ளி, இரவு 9.40

வ அலைக்குமுஸ்ஸலாம். அவர்களுடைய பேணுதல் அப்படி. எங்கள் ஊரில் ரஜப் மாதம் முப்பது நாளும் புகாரி ஷரீஃப் மஜ்லிஸ் (இமாமின் தொகுப்பை ஓதும் சபை) நடக்கும், அங்கே கேட்டு வளர்ந்தவன் நான். 6 லட்சம் ஹதீஸிலிருந்து பொறுக்கி எடுத்தார்கள், 16 வருஷம் உழைத்தார்கள், ஒவ்வொரு ஹதீஸையும் எழுதும் முன் குளித்து இரண்டு ரக்அத் தொழுதார்கள். பக்தாதில் பத்துப் பேர் சேர்ந்து 100 ஹதீஸின் இஸ்னாதுகளை, அதாவது யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடர்களை, மாற்றிப் போட்டுச் சோதித்தபோது, நூறையும் வரிசை தவறாமல் திருப்பிச் சொல்லிச் சரிசெய்தார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும் உங்கள் மகனுக்கு?

மெய்ப்பு | வெள்ளி, இரவு 11.25

நான் மத்ரஸாவில் நான்கு வருடம் ஓதிவிட்டுப் பாதியில் நின்றவன். அதற்கப்புறம் இருபத்தெட்டு வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பையன் கேட்ட இரண்டாவது கேள்வியில்தான் இந்தக் கலையே இருக்கிறது. ஒரு ராவியிடம் (அறிவிப்பாளரிடம்) அவர்கள் இரண்டு விஷயம் பார்த்தார்கள். ஒன்று அதாலத், அதாவது நேர்மை. இன்னொன்று ளப்த், அதாவது கேட்டதைக் கேட்டபடி காப்பாற்றிக் கொடுக்கும் துல்லியம். பயானில் முதலாவதை மட்டும்தான் பேசுவோம், கேட்க இனிமையாக இருக்கும் என்பதால். ஆனால் அவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டது இரண்டாவதில். இமாம் மாலிக் (ஹிஜ்ரி 179, கி.பி. 795இல் வஃபாத், அதாவது மறைவு) சொன்னதாக வருவது இது: மதீனாப் பள்ளியின் இந்தத் தூண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஹதீஸ் சொன்ன எழுபது பேரைப் பார்த்திருக்கிறேன். பைத்துல்மாலையே (பொதுக் கருவூலத்தையே) ஒப்படைத்தாலும் நாணயமாக இருப்பார்கள். ஆனால் அவர்களிடம் நான் எதுவும் வாங்கவில்லை, இது அவர்களுடைய துறை இல்லை. ஹதீஸ் விமர்சகர் யஹ்யா அல்கத்தான் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: நல்லடியார்கள் வேறெதையும்விட ஹதீஸில்தான் அதிகம் பொய்யாகி விடுகிறார்கள் என்கிறார். இதை இமாம் முஸ்லிம் தன் ஹதீஸ் தொகுப்பான ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் எடுத்துப் போட்டு, வேண்டுமென்று சொல்வதில்லை, நாக்கில் தானாக வந்துவிடுகிறது என்று விளக்கமும் தருகிறார்.

சரி, ஒருவர் மறதிக்காரரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவரை உட்காரவைத்துப் பரீட்சை வைப்பது குறைவு. அவர் சொன்னதை மற்றவர்கள் சொன்னதோடு ஒப்பிடுவார்கள். இப்னு ஹிப்பான் ஒரு சம்பவம் பதிவு செய்கிறார். ஹதீஸ் விமர்சகர் யஹ்யா பின் மயீன் (ஹி. 233, கி.பி. 848) ஹம்மாத் பின் ஸலமாவின் ஹதீஸ்களைக் கேட்க பஸராவில் மூஸா பின் இஸ்மாயீலிடம் போகிறார். இதை வேறு யாரிடமும் கேட்கவில்லையா என்கிறார் அவர். பதினேழு பேரிடம் கேட்டுவிட்டேன், நீங்கள் பதினெட்டாவது ஆள் என்கிறார் இவர். எதற்கு இத்தனை? "ஹம்மாத் தவறு செய்வார். அவருடைய தவறு எது, அவரிடம் கேட்டவர்களின் தவறு எது என்று பிரிக்க வேண்டும். மாணவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி தப்பாகச் சொன்னால் தப்பு ஹம்மாதுடையது. எல்லாரும் ஒரு மாதிரி, ஒருவர் மட்டும் வேறு மாதிரி என்றால் தப்பு அந்த ஒருவருடையது."

இதை முதல் தடவை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் அச்சகத்தில் தினமும் நடக்கிற காரியம். அதே பிழை எல்லாப் படிகளிலும் இருந்தால் கோத்தவன் கைப்பிழை. ஒரு படியில் மட்டும் என்றால் அந்தத் தாளில் ஏதோ நடந்திருக்கிறது. அலீ பின் மதீனி இதையே ஒரே வரியில் சொல்கிறார்: ஒரு பாடத்தின் எல்லா வழிகளையும் சேர்க்காமல் அதன் பிழை தெரியாது.

குதிரைக் கதையை இதே உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். யார் சொன்னது, யாரிடம் கேட்டு? சொல்கிறவர்கள் ஒருவரும் தொடர் சொல்வதில்லை. சில மேடைகளில் குதிரை, சில மேடைகளில் கழுதை. இமாம் புகாரியிடம் போய் இப்படி ஒரு செய்தியைச் சொல்லியிருந்தால் ஏட்டில் ஏற்றியிருப்பாரா?

காயல்காற்று | சனி, காலை 6.50

காக்கா, கதை ஆதாரமில்லாதது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 6 லட்சத்தையும் பக்தாத் சோதனையையுமா தள்ளப் போகிறீர்கள்?

மெய்ப்பு | சனி, காலை 8.05

6 லட்சத்தைத் தள்ளவில்லை, அது எதை எண்ணிய எண்ணிக்கை என்று பார்க்கச் சொல்கிறேன். அவர்கள் 'ஒரு ஹதீஸ்' என்று எண்ணுவது ஒரு தொடரை. ஒரே வாசகம் பத்து வழிகளில் வந்தால் அது பத்து ஹதீஸ்.

கையில் புகாரி இருந்தால் முதல் ஹதீஸைப் பாருங்கள்: 'செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன.' உமர் (ரலி) அவர்களிடமிருந்து அல்கமா, அவரிடமிருந்து முஹம்மத் பின் இப்ராஹீம் அத்தைமீ, அவரிடமிருந்து யஹ்யா பின் ஸயீத் அல்அன்ஸாரி. இதுவரை ஒற்றை நூல். யஹ்யாவிடமிருந்து கேட்டவர்களோ இருநூறுக்கும் மேல் என்று எண்ணியிருக்கிறார்கள். ஆக வாசகம் ஒன்று, கணக்கில் இருநூறு. புகாரியே அதைத் தன் நூலில் வெவ்வேறு தலைப்புகளின் கீழ் ஏழு இடங்களில் போடுகிறார். நூலின் மொத்த எண் இப்போதைய பதிப்புகளில் 7,563. திரும்ப வருவதைக் கழித்தால் சுமார் 2,600.

ஆகவே '6 லட்சத்தில் 2,600 தவிர மற்றதெல்லாம் பொய்' என்று சிலர் கணக்குப் போடுவது தப்பு. 'எல்லாம் தனித்தனி வாசகம், எல்லாம் ஒரே மண்டைக்குள்' என்று வியப்பதும் தப்பு.

பக்தாத் சோதனையை இப்னு அதீ (ஹி. 365, கி.பி. 976) பதிவு செய்கிறார். 'ஷைகுகள் பலர் சொல்லக் கேட்டேன்' என்று ஆரம்பிக்கிறார். பெயர் இல்லை. பலர் என்பதால் ஒருவருக்கொருவர் பலம் சேர்க்கிறார்கள் என்று பின்னால் வந்தவர்கள் சமாதானம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் பெயரில்லாத ஆளிடமிருந்து வருவதற்கு அவர்களே 'முப்ஹம்' என்று பெயர் வைத்துத் தனியே ஒதுக்குவார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது பதினொரு வயதுக் கதை. புகாரா ஊரில் ஓர் ஆசிரியர் 'ஸுஃப்யான், அபூஸுபைர், இப்ராஹீம்' என்று தொடர் சொல்கிறார். அபூஸுபைர் இப்ராஹீமிடமிருந்து அறிவித்ததில்லையே என்கிறான் பையன். ஆசிரியர் அதட்டுகிறார். உங்கள் மூல ஏட்டைப் பாருங்களேன் என்கிறான். அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அப்படியென்றால் எப்படி வர வேண்டும் என்று கேட்கிறார். ஸுபைர் பின் அதீ என்கிறான். அவர் பேனாவை வாங்கித் தன் ஏட்டைத் திருத்திக்கொள்கிறார். பையனின் ஞாபகசக்தியை எல்லாரும் சொல்வார்கள். நான் பார்ப்பது வீட்டுக்குள் இருந்த அந்த ஏட்டை.

கேள்விக்குறி | சனி, காலை 10.30

நான் முஸ்லிம் இல்லை, வரலாறு படிக்கிற ஆர்வத்தில் வருகிறேன். தவறாக நினைக்க வேண்டாம். நபிகள் இறந்தது 632. புகாரி இறந்தது 870. இடையில் இருநூறு வருடத்துக்கு மேல். இவ்வளவு காலம் வாய்வழியாக ஓடி வந்ததை எத்தனை பேரை ஒப்பிட்டாலும் என்ன பயன்? ஆற்றின் முகத்துவாரத்தில் நின்று ஊற்றுத் தண்ணீரைச் சோதிப்பதுபோல் இல்லையா?

மெய்ப்பு | சனி, பிற்பகல் 2.15

நல்ல கேள்வி, ஆனால் 'வாய்வழியாக மட்டும்' என்ற இடத்தில் பிசகுகிறது. சொன்னேனே, அந்த ஏடு. அபூஹுரைரா (ரலி) அவர்களின் மாணவர் ஹம்மாம் பின் முனப்பிஹ் 138 ஹதீஸ்களை ஒரு சுவடியில் வைத்திருந்தார். அதன் கைப்பிரதிகள் பெர்லினிலும் டமாஸ்கஸிலும் கிடைத்து, முஹம்மத் ஹமீதுல்லாஹ் பதிப்பித்தார். அதே தொகுதி இமாம் அஹ்மதின் முஸ்னத் என்ற ஹதீஸ் தொகுப்பிலும் ஒரே கட்டாக வருகிறது. இமாம் முஸ்லிம் அதிலிருந்து எடுக்கும்போதெல்லாம் 'இவை அபூஹுரைரா எங்களுக்குச் சொன்னவை என்று சொல்லிச் சில ஹதீஸ்களைக் கூறினார், அவற்றில் ஒன்று...' என்றுதான் ஆரம்பிப்பார். கட்டிலிருந்து ஒரு தாளை உருவுகிறேன் என்று வாசகனுக்குச் சொல்லிவிட்டு உருவுகிறார்.

உமர் பின் அப்துல் அஸீஸ் கலீஃபாவாக இருந்த ஹி. 99–101இல் (கி.பி. 717–720), அறிவு அழிந்துவிடுமோ, அறிஞர்கள் போய்விடுவார்களோ என்று அஞ்சுகிறேன், ஹதீஸ்களைத் தேடி எழுதுங்கள் என்று மதீனாவிலிருந்த அபூபக்ர் பின் ஹஸ்முக்குக் கடிதம் போட்டார். ஸுஹ்ரி (கி.பி. 742) தொகுத்தார். அப்புறம் மாலிக்கின் முவத்தா, யமனில் அப்துர் ரஸ்ஸாக்கின் முஸன்னஃப் என்று தொகுப்புகள் வந்தன. புகாரி இந்த வரிசையின் கடைசியில் வந்து சலித்தவர். சேகரிப்பை ஆரம்பித்தவர் அவர் இல்லை.

அதே நேரம், ஏடு இருந்தால் போதும் என்றும் அவர்கள் நினைக்கவில்லை. அன்றைய அரபு எழுத்தில் பெரும்பாலும் புள்ளி கிடையாது, உயிர்க்குறி கிடையாது. நம் ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாமல் மெய்யா உயிர்மெய்யா என்று தடுமாறுவார்களே, அந்தக் கதைதான். ஆசிரியரிடம் வாசித்துக் கேட்காமல் ஏட்டை மட்டும் பார்த்துச் சொல்கிறவரை 'ஸுஹுஃபீ' என்று இளக்காரமாகக் கூப்பிட்டார்கள்.

இமாம் முஸ்லிம் தன்னுடைய 'தம்யீஸ்' நூலில் ஓர் உதாரணம் காட்டுகிறார். எகிப்தின் இப்னு லஹீஆ (கி.பி. 790), நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் 'இஹ்தஜம' என்று அறிவித்தார். இரத்தம் குத்தி எடுத்தார்கள் என்று பொருள். உண்மையில் அது 'இஹ்தஜர'. பாயால் ஓர் ஓரத்தை மறைத்துத் தடுப்பு அமைத்துக்கொண்டு தொழுதார்கள் என்பதுதான் செய்தி. கடைசி எழுத்து ஒன்றுதான் மாற்றம். ஏன் நடந்தது என்றும் முஸ்லிம் சொல்லிவிடுகிறார்: மூஸா பின் உக்பா எழுதி அனுப்பியதைப் பார்த்து எடுத்தார், வாயால் கேட்கவில்லை.

இந்த ஒரு எழுத்துக்காகவே நான் இமாம் முஸ்லிமுக்கு அடிமை. என்னை மாதிரி ஓர் ஆள், ஆனால் எவ்வளவோ உயரத்தில்.

மருதமுனைக்காரி | சனி, மாலை 5.48

நானா, இப்னு லஹீஆவின் புத்தகங்கள் எரிந்து போன கதையையும் சொல்லுங்கள். அதற்கு முன் கேட்டவர்களுக்கு ஒரு தீர்ப்பு, பின்னால் கேட்டவர்களுக்கு வேறு தீர்ப்பு என்று உஸ்தாத் படித்துக் கொடுத்த நினைவு.

இன்னொன்று. இங்கே பேசுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள் பெயராகவே அடுக்கிக்கொண்டு போகிறீர்கள். அந்த உமர் பின் அப்துல் அஸீஸ் கடிதத்தின் இன்னோர் அறிவிப்பில் 'அம்ராவின் ஹதீஸையும் எழுதுங்கள்' என்று பெயர் சொல்லி வருகிறது. அம்ரா பின்த் அப்துர் ரஹ்மான், ஆயிஷா (ரலி) அவர்களின் மடியில் வளர்ந்தவர். ஸஹீஹுல் புகாரியின் பிரதிகளில் மக்காவில் மிகவும் மதிக்கப்பட்டது கரீமா அல்மர்வஸிய்யா என்ற பெண்மணி வழியாக வந்தது. கதீப் பக்தாதி ஹஜ்ஜுக்குப் போன இடத்தில் அவரிடம் ஐந்து நாளில் ஓதி முடித்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். தஹபீ தன் குறைகண்ட அறிவிப்பாளர் அகராதியில் பெண்கள் பகுதிக்கு வந்ததும், பெண்களில் பொய் சொன்னதாகக் குற்றம் சாட்டப்பட்டவரையோ கைவிடப்பட்டவரையோ நான் அறியேன் என்கிறார். இதைப் பயானில் ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா?

மெய்ப்பு | சனி, இரவு 8.30

கேட்டதில்லை, தங்கச்சி. ஒத்துக்கொள்கிறேன்.

இப்னு லஹீஆ விஷயம் நீங்கள் சொன்னபடிதான். ஏடுகள் எரிந்தபின் தடுமாறினார் என்பார்கள். அதனால் முன்பே அவரிடம் எழுதிக்கொண்ட அப்துல்லாஹ் பின் முபாரக், அப்துல்லாஹ் பின் வஹ்ப் மாதிரியானவர்கள் வழியாக வருவதைத் தனியாக மதிப்பார்கள். அப்துர் ரஸ்ஸாக் கடைசிக் காலத்தில் பார்வை இழந்தார், அவரிடமும் அப்படித்தான், எந்த வருடத்துக்கு முன் கேட்டாய் என்று பார்ப்பார்கள். ஓர் ஆளுக்கு ஒரே மார்க் போட்டு முடிக்கிற வேலை இல்லை. யாரிடம், எந்த ஊரில், எந்த வயதில் கேட்டார் என்றெல்லாம் பிரிப்பார்கள்.

தத்லீஸ் என்று ஒன்று உண்டு. 'எனக்குச் சொன்னார்' என்று சொல்லாமல் 'அவர் சொன்னார்' என்று பொதுவாகச் சொல்லி, நடுவிலிருக்கும் ஆளை மறைத்துவிடுவது. பொய் இல்லை, ஆனால் கேட்கிறவன் நேரடியாகக் கேட்டதாக நினைத்துக்கொள்வான். பஸராவின் கதாதா பெரிய மேதை, ஆனால் இந்தப் பழக்கம் உண்டு. அவர் மாணவர் ஷுஅபா (ஹி. 160, கி.பி. 776) என்ன செய்தார் தெரியுமா? கதாதாவின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். 'ஹத்தஸனா', எங்களுக்குச் சொன்னார், என்று வந்தால் மனதில் ஏற்றுவார். 'அவர் சொன்னார்' என்று வந்தால் விட்டுவிடுவார்.

இந்த ஷுஅபாவின் பயணக் கதைதான் புகாரியின் குதிரைக் கதைக்குப் பதில் நான் சொல்வது. கூஃபாவில் அபூஇஸ்ஹாக் ஒரு ஹதீஸ் சொல்கிறார். அப்துல்லாஹ் பின் அதா வழியாக, உக்பா பின் ஆமிர் (ரலி) அறிவிப்பது, உளூச் (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுதல்) செய்வதன் சிறப்பு பற்றியது. அப்துல்லாஹ் பின் அதா உக்பாவிடம் நேரில் கேட்டாரா என்கிறார் ஷுஅபா. அபூஇஸ்ஹாக்குக்குக் கோபம் வந்துவிடுகிறது. பக்கத்திலிருந்த மிஸ்அர், அவர் மக்காவில் உயிரோடுதான் இருக்கிறார், போய்க் கேளேன் என்கிறார். ஷுஅபா மக்கா போகிறார். எனக்கு ஸஅத் பின் இப்ராஹீம் சொன்னார் என்கிறார் அப்துல்லாஹ். ஸஅத் மதீனாவில். அங்கே போனால், உங்கள் பக்கத்திலிருந்துதான் வந்தது, ஸியாத் பின் மிக்ராக் சொன்னார் என்கிறார் ஸஅத். ஸியாத் இருப்பது பஸராவில், ஷுஅபா குடியிருந்த ஊர்! அழுக்கு உடையோடு திரும்பி வந்து ஸியாதைப் பிடிக்கிறார். அவர் தயங்கித் தயங்கி, எனக்குச் சொன்னது ஷஹ்ர் பின் ஹவ்ஷப் என்கிறார். ஷுஅபா மதிக்காத ஆள் ஷஹ்ர். 'நாசமாய்ப் போச்சு. இது மட்டும் சரியாக வந்திருந்தால் என் குடும்பத்தையும் சொத்தையும்விட எனக்கு மேலாக இருந்திருக்கும்' என்கிறாராம்.

நேரான தொடர் மாதிரி இருந்ததற்குள் குறைந்தது மூன்று பேர் ஒளிந்திருந்தார்கள். அதே செய்தி உக்பாவிடமிருந்து அபூஇத்ரீஸ் அல்கவ்லானி வழியாகச் சரியான தொடரில் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு வழி உடைந்தால் அந்த வழிதான் உடைகிறது. வாசகமே பொய் என்று ஆகிவிடாது.

கொடிமரம் | சனி, இரவு 9.02

மாஷா அல்லாஹ். மகனுக்குப் படித்துக் காட்டினேன். அவன் கேட்கிறான்: "இந்தக் கதைக்கு மட்டும் இஸ்னாத் உண்டா?"

மெய்ப்பு | சனி, இரவு 9.20

பிள்ளை தேறிவிடுவான்.

மாட்டிக்கொண்டேன். நான் சொன்ன இந்த நீண்ட வடிவம் நஸ்ர் பின் ஹம்மாத் என்பவர் வழியாக வருகிறது. அவரை யஹ்யா பின் மயீன் பொய்யர் என்றே சொல்லிவிட்டார். அழுக்கு உடை, கோபம் மாதிரியான அலங்காரங்களை அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஷுஅபா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போய் ஷஹ்ரிடம் முட்டி நின்றார் என்ற சுருக்கமான வடிவம் வேறு வழியாகவும் வந்திருக்கிறது.

கேள்விக்குறி | ஞாயிறு, காலை 7.15

இதை நீங்களே சொன்னது எனக்குப் பிடித்தது. ஆனால் அடிப்படைக் கேள்வி இன்னும் நிற்கிறது. ஒருவர் நம்பகமானவர் என்று சொல்வது இன்னோர் அறிஞர். அந்த அறிஞர் நம்பகமானவர் என்று சொல்வது மற்றோர் அறிஞர். வட்டமாக இல்லையா? அதோடு, மனிதர்கள்தானே, சொந்தப் பகை இருந்திருக்காதா?

காயல்காற்று | ஞாயிறு, காலை 7.40

சகோ, இமாம்களைப் பகை என்றெல்லாம் பேசுவது சரியில்லை. அலீ பின் மதீனியிடம் அவருடைய தகப்பனாரைப் பற்றிக் கேட்டபோது, வேறு யாரிடமாவது கேளுங்கள் என்று முதலில் நழுவிப் பார்த்தார்கள். மறுபடி கேட்டதும் தலையைக் குனிந்து யோசித்துவிட்டு, 'இது மார்க்கம். என் தகப்பனார் பலவீனமானவர்' என்றார்கள். பெற்ற தகப்பனைப் பற்றி!

மெய்ப்பு | ஞாயிறு, காலை 11.10

காயல் தம்பி சொன்னது அழகான சம்பவம். ஆனால் கேள்விக்குறி கேட்டதும் நியாயம். பகையும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. நீஷாபூரில் துஹ்லீ என்ற பெரிய ஹதீஸ் அறிஞருக்கும் புகாரிக்கும் குர்ஆன் ஓதும் சொல் படைக்கப்பட்டதா என்ற அகீதா (நம்பிக்கைக் கொள்கை) விவகாரத்தில் மோதல் வந்தது. துஹ்லீ ரய்யு நகரத்துக்குக் கடிதம் எழுதினார். அங்கிருந்த ஹதீஸ் விமர்சகர்கள் அபூஸுர்ஆவும் அபூஹாத்திமும் புகாரியின் ஹதீஸை விட்டுவிட்டார்கள் என்று அபூஹாத்திமின் மகன் தன் ஜரஹ்–தஃதீல் (அறிவிப்பாளர்களின் குறைநிறை) நூலில், புகாரியின் பெயருக்குக் கீழேயே எழுதி வைத்திருக்கிறார்! யோசித்துப் பாருங்கள். ஆனால் பின்னால் வந்தவர்கள் அதை ஏற்கவில்லை. சமகாலத்தவர் சண்டையை எடைபோட்டே எடுக்க வேண்டும் என்று விதியே செய்தார்கள். புகாரியின் பங்குக்கு அவர் துஹ்லீயிடம் கேட்ட ஹதீஸ்களைத் தன் ஸஹீஹில் விடவில்லை. பெயரை மட்டும் முழுசாகச் சொல்லாமல் 'முஹம்மத்' என்று போய்விடுகிறார். எனக்கு இதைப் படிக்கும்போது கொஞ்சம் வருத்தமும் வரும், கொஞ்சம் நிம்மதியும் வரும்.

கொள்கை எதிரிகளிடமும் வாங்கியிருக்கிறார்கள். அலீ (ரலி) அவர்களைக் கொன்றவனைப் புகழ்ந்து கவிதை பாடிய காரிஜீ (அலீயை எதிர்த்துப் பிரிந்த கூட்டத்தவர்) இம்ரான் பின் ஹித்தான். அவரிடமிருந்தும் புகாரியில் ஹதீஸ் இருக்கிறது.

வட்டமா என்ற கேள்வி. இதை ஹி. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒருவர் கேட்டுவிட்டார். ரய்யில், இன்றைய தெஹ்ரானுக்குப் பக்கத்தில், ஒருவர் ஓர் ஏட்டை அபூஹாத்திமிடம் (ஹி. 277, கி.பி. 890) கொண்டுவந்து காட்டினார். இவர் பார்த்துவிட்டு, இது பிழை, ஒரு ஹதீஸ் இன்னொன்றில் கலந்திருக்கிறது, இது பாத்தில் (செல்லாதது), இது பொய், மற்றவை ஸஹீஹ் (சரியானவை) என்கிறார். எப்படித் தெரியும், அறிவித்தவர் வந்து பிழை செய்தேன் என்று சொன்னாரா? இல்லை. அப்படியென்றால் மறைவானதை அறிகிறேன் என்கிறீர்களா? இல்லை. பிறகு என்ன ஆதாரம்? இதில் தேர்ந்த இன்னொருவரிடம் கேள், இருவரும் ஒத்துப்போனால் புரிந்துகொள் என்கிறார். அந்த ஆள் அபூஸுர்ஆவிடம் போய் அதே ஏட்டைக் காட்டி, அவர் சொன்னதைத் தாளில் எழுதிக்கொண்டு வருகிறார். இவர் 'பாத்தில்' என்றதை அவர் 'பொய்' என்றிருக்கிறார். மற்றபடி தீர்ப்பு ஒன்றே. அப்போது அபூஹாத்திம் சொல்கிறார்: கள்ள தீனாரை நோட்டக்காரனிடம் கொடுத்தால் இது கள்ளக்காசு என்கிறான். இதை அடிக்கும்போது நீ பக்கத்தில் இருந்தாயா என்று அவனிடம் கேட்பாயா?

அரபியில் காசு பார்ப்பவனுக்கும் ஹதீஸ் விமர்சகருக்கும் 'நாகித்' என்று ஒரே பெயர். தமிழில் நாணயம் என்றால் காசும்தான், நேர்மையும்தான். நான் இதை எங்கே போனாலும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் கேள்விக்கு அது முழுப் பதில் ஆகாது என்பது எனக்கும் தெரியும். ஒரே பட்டறையில் பழகிய இருவர் ஒரே மாதிரி தவறலாம். 1950இல் மேற்கத்திய ஆய்வாளர் ஷாக்ட், சட்டம் சார்ந்த தொடர்களில் பெரும்பகுதி பின்னால் வளர்க்கப்பட்டது என்று வாதிட்டார். முஸ்லிம் அறிஞர் அஃழமீ மறுத்து எழுதினார். இன்னொரு மேற்கத்திய ஆய்வாளர் மோட்ஸ்கி, அப்துர் ரஸ்ஸாக்கின் முஸன்னஃபையே எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆசிரியரிடமிருந்தும் வந்ததைத் தனித்தனியாகப் பிரித்து எண்ணினார். கற்பனை செய்கிறவன் எல்லாவற்றுக்கும் அழகான தொடர் போடுவான். இங்கோ சிலருக்கு நிறைய, சிலருக்குக் கொஞ்சம், சில இடத்தில் இது என் சொந்தக் கருத்து, சில இடத்தில் சந்தேகம் என்று ஒழுங்கில்லாமல் கிடக்கிறது. இட்டுக்கட்டியது இப்படி இருக்காது என்றார். நான் அந்தப் பக்கம். ஹி. முதல் ஐம்பது வருடத்துக்கு அந்த வாதம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. இப்னு ஸீரீன் (கி.பி. 729) சொல்வதையே பாருங்கள்: 'அவர்கள் இஸ்னாத் பற்றிக் கேட்பதில்லை. ஃபித்னா (உள்நாட்டுக் கலகம்) வந்ததும், உங்கள் ஆட்களின் பெயரைச் சொல்லுங்கள் என்றார்கள்.' அதாவது கேட்காத ஒரு காலம் இருந்தது என்று அவர்களே பதிந்து வைத்திருக்கிறார்கள்.

கேள்விக்குறி | ஞாயிறு, பகல் 12.05

அந்த ஒழுங்கில்லாத ஏடு என்ற வாதம் எனக்குப் பிடிபடுகிறது. பழைய கணக்கு நோட்டுகளில் திருட்டுக் கணக்குதான் சுத்தமாக இருக்கும். முழுசாக ஒப்பவில்லை, ஆனால் முகத்துவார உவமையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். புகாரி, முஸ்லிமையாவது யாரேனும் தொட்டிருக்கிறார்களா, அல்லது அதோடு கதவு சாத்தியாகிவிட்டதா?

மருதமுனைக்காரி | ஞாயிறு, பிற்பகல் 1.30

ஹதீஸ் விமர்சகர் தாரகுத்னீ (ஹி. 385, கி.பி. 995) இரண்டு ஸஹீஹிலும் சேர்த்துச் சுமார் 200 ஹதீஸ்களின் தொடர்களில் குறை சொன்னார். புகாரிக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர், புகாரி மீது சொன்னவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதினார். சிலவற்றுக்கு அவருடைய பதிலே கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, அதை அவரும் மறைக்கவில்லை. அபூதாவூத் மக்காவாசிகளுக்கு எழுதிய கடிதத்தில், என் நூலில் சுமார் 4,800 ஹதீஸ்கள், கடும் பலவீனம் உள்ளதைச் சொல்லியிருக்கிறேன் என்று தானே எழுதுகிறார். கதவு எங்கே சாத்தினது? முக்கியமான ஹதீஸ் தொகுப்புகள் என்று சொல்லும் 'ஆறு நூல்கள்' என்ற பட்டியலில் இப்னு மாஜா சேர்ந்ததே ரொம்பப் பிந்தித்தான்.

காயல்காற்று | ஞாயிறு, மாலை 4.20

சரி, நானும் ஒன்று தருகிறேன். கலீஃபா மஹ்திக்குப் புறா வளர்க்கப் பிடிக்கும். கியாஸ் பின் இப்ராஹீம் என்பவர் அரண்மனைக்கு வந்தார். ஹதீஸ் சொல்லுங்கள் என்றதும், 'அம்பு, ஒட்டகம், குதிரை தவிர வேறெதிலும் பந்தயம் இல்லை' என்ற ஹதீஸைச் சொல்லி, கடைசியில் 'அல்லது சிறகு' என்று ஒரு சொல்லை ஒட்டவைத்தார். மஹ்தி 10,000 திர்ஹம் கொடுத்தனுப்பினார். அந்த ஆள் எழுந்து போகும்போது, 'உன் பிடரி ஒரு பொய்யனின் பிடரி என்று சாட்சி சொல்கிறேன்' என்றார். அப்புறம் புறாக்களையெல்லாம் அறுக்கச் சொல்லிவிட்டார். பாவம், புறா என்ன செய்தது?

மெய்ப்பு | ஞாயிறு, மாலை 6.00

இது பொய்யர்களில் சாதாரண வகை. இதைவிட ஆபத்து, பக்தியால் புனைந்தவர்கள். நூஹ் பின் அபீமர்யம் சூராக்களின் சிறப்புக்கு ஒவ்வொன்றாக ஹதீஸ் செய்து வைத்தார். கேட்டபோது, மக்கள் குர்ஆனை விட்டுவிட்டு அபூஹனீஃபாவின் ஃபிக்ஹிலும் (மார்க்கச் சட்டத்திலும்) இப்னு இஸ்ஹாக்கின் போர்க்கதைகளிலும் மூழ்கிவிட்டார்கள், நன்மையை நாடிச் செய்தேன் என்றாராம். குதிரைக் கதை சொல்கிறவர்களும் நன்மையை நாடித்தான் சொல்கிறார்கள்.

கொடிமரம் | அடுத்த வெள்ளி, இரவு 8.45

ஹஜ்ரத்திடம் தனியாகப் போய், மரியாதையாக, இந்தக் குதிரைச் சம்பவம் எந்தக் கிதாபில் வருகிறது என்று கேட்டேன். கோபப்படவில்லை. என் உஸ்தாத் சொல்லக் கேட்டது என்றார். கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, 'உஸ்தாதும் பயானில் கேட்டிருப்பார்' என்று அவரே சிரித்தார். இன்று மிம்பரில் குதிரை வரவில்லை. புறாக் கதை சொன்னார். நன்றாகத்தான் இருந்தது.

மகன் வீட்டுக்கு வரும் வழியில் கேட்கிறான், புறாக் கதைக்குத் தொடர் யார் யார் என்று. காயல் காக்கா, எந்த நூலில் பார்த்தீர்கள்?

காயல்காற்று | அடுத்த வெள்ளி, இரவு 9.10

பயானில் கேட்டது.